நாணல்திட்டுக்காக உறங்கியவர்கள்

அரசு எந்தக் கொள்கையைக் கொண்டுவருவதானாலும், அதற்கு முன்னால் சிலர் மதிய வேளையில் அதற்குள் உறங்கிப் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்த உறக்கத்தை ஏற்பாடு செய்வதுதான் வடகரைப் பல்கலைக்கழகத்தின் பொதுக் கொள்கை மையத்துக்கு வேலை. தையல்நாயகி அங்கே ஆய்வாளராக இருந்தாள்.

மையம் தொடங்கிய விதம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பொருளாதாரத் துறையில் தெய்வசிகாமணி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். மாநிலத்துக் கடைகள் எல்லாம் ஒரே கிழமையில் விடுமுறை விட வேண்டும் என்று அரசு ஒரு வரைவைத் தயாரித்து, பல்கலைக்கழகத்தின் கருத்தைக் கேட்டு அவருக்கு அனுப்பியிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் படிக்க எடுத்தவர், அதன் மேலேயே தலை சாய்த்து உறங்கிப்போனார். உறக்கத்துக்குள் அந்தச் சட்டம் அமலில் இருந்தது. அதற்குக் கீழே அவர் ஒரு வருடம் முழுக்கக் குடித்தனம் நடத்தினார். வீடு கட்டினார், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார். கல்யாணத்தன்று சமையல்காரர் உப்பு தீர்ந்துவிட்டது என்று வந்து நின்றார். ஊர் முழுக்க அலைந்தும் ஒரு கடை திறந்திருக்கவில்லை. கண் விழித்தபோது மேசையில் இருந்த தேநீர் ஆறியிருக்கவில்லை. வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அரசு அந்த வரைவைக் கைவிட்டது. அடுத்த வாரமே வேறு சில வரைவுகளை அனுப்பி, இவற்றின் மேலும் உறங்கித் தரும்படி கேட்டுக்கொண்டது.

தாவரவியல் துறையின் பழைய விதைக்கூடம் குளிர்ச்சியாக இருந்ததால் அதை மையத்துக்குக் கொடுத்தார்கள். முதலில் பேராசிரியர்கள் மட்டும்தான் அங்கே உறங்கினார்கள். அந்தக் காலத்தில் எல்லாக் கொள்கையும் நல்ல கொள்கையாகவே இருந்தது. பிறகுதான் எந்தக் கொள்கை யார் தலையில் விடியப்போகிறதோ அவர்களே வந்து உறங்க வேண்டும் என்று விதி செய்தார்கள். வருகிறவர்களுக்குத் தயிர்சாதமும் வடுமாங்காயும் உண்டு. பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து படுப்பவர்களின் கருத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை, அவர்களுக்கு எந்தக் கொள்கையும் நல்லதாகவே தோன்றும். எந்தக் கட்சியின் சாயலும் படக் கூடாது என்று தலையணை உறைகள் வெள்ளையில் மட்டுமே வாங்கப்பட்டன. வாசலில் ஒரு கல்லில், ‘நாட்டுக்கு முன்னால் உறங்குவோம்’ என்று வெட்டியிருந்தார்கள். மையத்தின் நோக்கம் அவ்வளவுதான்.

அந்த வருடக் கோடையில் நாணல்திட்டுக் கொள்கை வந்தது. நாணல்திட்டு, ஆற்றின் நடுவே மேடிட்ட ஒரு சிறிய ஊர். ஜனங்கள் கனகாம்பரமும் வெள்ளரியும் போட்டுப் படகில் ஏற்றி அக்கரையில் விற்பார்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் ஊருக்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்து, வரிசையாகக் கட்டிய தளம் போட்ட வீடுகளில் குடியமர்த்துவது என்பது கொள்கை. யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்த ஏற்பாடு இல்லை அது.

திட்டு ஜனங்கள் படகிலும் பிறகு பல்கலைக்கழகப் பஸ்ஸிலும் வந்து சேர்ந்தார்கள். காற்றுக்கு மேலே பேசிப் பழகியவர்கள் ஆனதால் அவர்களுக்கெல்லாம் குரல் பெரிது. காத்தாயி என்ற பெண், தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று தையல்நாயகியிடம் கேட்டது, பக்கத்து நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. சாப்பிட்டு முடித்து எல்லாரும் பாயில் படுத்தார்கள். தையல்நாயகி வரைவைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு அவர்களோடு உறங்கினாள். உடன் உறங்கி, உள்ளே நடப்பதைப் பார்த்துவந்து எழுதுவது அவள் பொறுப்பு.

உள்ளே ஆய்வாளருக்கும் ஒரு வீடு ஒதுக்கப்பட்டிருந்தது. காத்தாயி வீட்டை ஒட்டிய வீடு. தையல்நாயகி கதவைத் திறந்தபோது ஒரு சிறுமி தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, “ஏம்மா இவ்வளவு நேரம்?” என்றாள்.

அவள் பெயர் பவளம் என்பதும், அவள் மூன்றாம் வகுப்பு என்பதும், தேங்காய்த் துவையல் பிடிக்காது என்பதும் தையல்நாயகிக்கு அந்த நிமிடமே தெரிந்திருந்தன. உறக்கத்துக்கு வெளியே தையல்நாயகிக்கும் அவள் கணவன் மாசிலாமணிக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யோசிக்க அங்கே நேரம் இல்லை. உலை வைக்க வேண்டியிருந்தது, பிள்ளைக்குத் தலை பின்னிவிட வேண்டியிருந்தது.

ஒரு மதிய உறக்கம் உள்ளே ஒரு வருடம் ஓடும். நாணல்திட்டுக் கொள்கை பெரியது என்பதால் தொடர்ந்து பல மதியங்கள் உறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் மாலையில் வீட்டுக்குப் போனதும் தையல்நாயகி கணவனிடம் பவளத்தைப் பற்றிச் சொன்னாள். மாசிலாமணி மின்வாரியத்தில் லைன்மேன். அவன் கேட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். பிள்ளைக்கு இப்போது என்ன வகுப்பு, சைக்கிள் ஓட்டுகிறாளா, இடிக்குப் பயப்படுகிறாளா என்று விசாரிப்பான். ஒரு நாள், அவள் யார் ஜாடை என்று கேட்டான். நெற்றி அவனுடையது என்று தையல்நாயகி சொன்னாள். அவன் கண்ணாடி முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றான்.

கொள்கைக்கு அரசு ஒப்புதல் தந்தால், உள்ளே இருப்பவை ஆணை வெளியாகும் நாளில் வெளியே வந்துவிடும். முன்பு ஒரு ஆய்வாளர் கிளை நூலகக் கொள்கைக்குள் மறந்து வைத்துவிட்டு வந்த குடை, ஆணை வந்த காலையில் நூலக வாசலில் மாட்டியிருந்தது. கொள்கை நிராகரிக்கப்பட்டால் அந்த உறக்கம் காய்ந்துபோகும். காய்ந்த உறக்கத்துக்குள் யாரும் போய்ப் பார்த்ததில்லை.

இது தலைநகரில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. துறையின் துணைச் செயலாளர் ஒருவர் மையத்தைப் பார்வையிட வந்தார். பாய்களைப் பார்த்தார், மின்விசிறிகளைப் பார்த்தார். புறப்படும்போது தையல்நாயகியைத் தனியாக அழைத்து, உள்ளே அவளுக்கு ஒரு மகள் இருப்பதாகக் கேள்விப்பட்டதைச் சொல்லி மகிழ்ச்சி தெரிவித்தார். அறிக்கை சாதகமாக இருந்தால் மழைக்கு முன்னாலேயே ஆணை வந்துவிடும் என்றும், பள்ளி திறக்கிற நேரத்துக்குப் பிள்ளை வீட்டில் இருப்பாள் என்றும் சொன்னார். மிரட்டுகிற தொனி எதுவும் இல்லை. நல்ல செய்தி சொல்கிறவரைப் போலத்தான் சொன்னார்.

உள்ளே எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது, விளக்கு எரிந்தது, மழைக்காலத்தில் யாரும் கூரை மேல் ஏறி உட்கார வேண்டியிருக்கவில்லை. ஒன்று மட்டும் மாறியது. வீடுகள் சுவரோடு சுவராக இருந்ததால், ஒரு வீட்டில் பேசுவது அடுத்த நான்கு வீட்டுக்குக் கேட்டது. ஜனங்கள் கூச்சப்பட்டுக் குரலைக் குறைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் குறைத்தார்கள். போகப்போகக் குறைத்த குரல் திரும்பி ஏறவில்லை. காத்தாயியும் அவள் கணவன் வைரக்கண்ணுவும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த ஊரிலேயே வளர்ந்ததால் பவளத்துக்கு மட்டும் எல்லாம் கேட்டது.

கண் விழித்து எழுந்த பிறகும் திட்டு ஜனங்களுக்குக் கொஞ்ச நேரம் குரல் அடங்கித்தான் இருந்தது. மையத்தின் வாசலில் தேநீர் குடிக்கும்போது தலைகளை ஒட்டவைத்துக்கொண்டு கிசுகிசுத்தார்கள். திட்டுக்குப் போய் ஆற்றைப் பார்த்து இரண்டு முறை கூப்பிட்ட பிறகு சரியாகிவிடுகிறது என்று காத்தாயி சொன்னாள்.

தையல்நாயகி இதை மாசிலாமணியிடம் சொன்னபோது, அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தான். மெல்லப் பேசுவது ஒரு குற்றமா, நாம்கூட மெல்லத்தானே பேசுகிறோம் என்று கேட்டான். அவளும் தனக்குத்தானே அதையே பல முறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பவளம் ஏழாம் வகுப்பு படித்த வருடம், வைரக்கண்ணு தன் வீட்டுத் தரைத்தொட்டியைக் கழுவ உள்ளே இறங்கினான். காத்தாயி தண்ணீர் திறந்துவிட்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. மேலே இரும்பு மூடி சரிந்து மூடிக்கொண்டது. காத்தாயி அடுப்படியில்தான் இருந்தாள். தையல்நாயகி சுவருக்கு இந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாடம் படித்துக்கொண்டிருந்த பவளம் தலையைத் தூக்கி, “யாரோ கூப்பிடுறாங்கம்மா,” என்றாள். தையல்நாயகிக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் எழுந்து ஓடினாள். இரண்டு பெண்களும் பிள்ளையுமாக மூடியை நகர்த்தியபோது வைரக்கண்ணு தண்ணீருக்கு மேலே முதுகு தெரியக் கிடந்தான்.

அன்று பாயிலிருந்து எழுந்தபோது வைரக்கண்ணு உயிரோடு இருந்தான். ஈரம் எதுவும் இல்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தேநீரோடு கொடுத்த பன்னைத் தின்றான். ரொம்ப நேரம் கூப்பிட்டதாக மட்டும் சொன்னான். காத்தாயி அவன் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே பஸ் வரைக்கும் நடந்தாள். பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் தையல்நாயகியிடம் திரும்பி வந்தாள்.

“அக்கா, நீங்க வேணாம்னு எழுதினா அந்தப் புள்ள என்னாவும்?”

தெரியவில்லை என்று தையல்நாயகி சொன்னாள். காத்தாயி தன் கூந்தலில் இருந்த கனகாம்பரத்தை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம் உள்ளே போனபோது பவளம் எட்டாம் வகுப்பில் இருந்தாள். பக்கத்து வீட்டில் காத்தாயி தனியாக இருந்தாள். அவள் அழுவது பவளத்துக்கு மட்டும் கேட்டது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது பிள்ளை அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள்.

“அம்மா, இத எழுதிடு.”

“எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்மா. ஸ்கூல்ல பாடமே இருக்கு.”

தையல்நாயகி அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே விழித்துக்கொண்டாள். முகம் கழுவிக்கொண்டு மையத்தின் இயக்குநர் அறைக்குப் போனாள். இயக்குநர் பேராசிரியர் பெனடிக்டா, அவளோடு சேர்ந்து வேலைக்கு வந்தவர். தையல்நாயகி எல்லாவற்றையும் சொன்னாள். உறக்கத்துக்குள் ஆய்வாளர் எதையும் தனக்கென்று சேர்த்துக்கொள்ளக் கூடாது என்ற விதியைப் பெனடிக்டா நினைவுபடுத்தினார். பிறகு, அதைப் பொருட்களுக்கு மட்டுமான விதியாகவும் படிக்கலாம் என்றார். பிள்ளையை வேறு கொள்கைக்கு அனுப்ப அங்கே பஸ் இருக்கிறதா என்று கேட்டார். காலனி வாசலில் ஒரு பஸ் நிற்கும், எங்கே போகிறது என்று தெரியாது என்று தையல்நாயகி சொன்னாள்.

“பீரோவுல அடுத்து எந்தக் கோப்பு ஒட்டிக்கிட்டு இருக்கோ அங்கதான் போகும்,” என்றார் பெனடிக்டா.

அன்று மாலை தையல்நாயகி பீரோவின் முன்னால் உட்கார்ந்து, ஒப்புதலுக்காகக் காத்திருந்த கொள்கைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிள்ளையைக் குடிவைக்க ஒரு கொள்கை வேண்டும். நீர்வழித் திட்டம் பெரியதாக இருந்தது, பெரியவை எப்போது கவிழும் என்று சொல்ல முடியாது. மதுக்கடைகளின் நேரத்தை மாற்றுவதில் பெண் பிள்ளையைத் தனியாக விட மனம் வரவில்லை. தேர்வு முறையை மாற்றும் கொள்கையில் பவளம் வருடத்துக்கு மூன்று முறை பரீட்சை எழுத வேண்டியிருக்கும். அடியில் ஒரு மெல்லிய கோப்பு கிடந்தது. நகரப் பேருந்துகளின் படிக்கட்டை ஒரு சாண் தாழ்த்துவது பற்றியது. அதன் மேல் உறங்கியவர்கள் யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்கவில்லை. வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படியே இருந்தது, பஸ் படி மட்டும் தாழ்ந்திருந்தது என்று எழுதியிருந்தார்கள். எதிர்க்க ஆள் இல்லாத கொள்கை. என்றாவது ஒருநாள் ஆணை வந்தே தீரும். தையல்நாயகி அதை எடுத்து நாணல்திட்டுக் கோப்பின் மேல் வைத்து, விலகாமல் இருக்க ஒரு நாடாவால் சேர்த்துக் கட்டினாள்.

வீட்டில் சொன்னபோது, படி தாழ்வாக இருந்தால் விழ மாட்டாள் என்று மாசிலாமணி சொன்னான். அதற்குப் பிறகு அவன் சாப்பிடவில்லை.

கடைசி மதியத்தில் பவளத்துக்குத் தலை பின்னிவிட்டு, இரண்டு பாவாடை சட்டையையும் புத்தகங்களையும் ஒரு பையில் போட்டு, தையல்நாயகி அவளைக் காலனி வாசலுக்குக் கூட்டிவந்தாள். காத்தாயி புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பஸ் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அதன் பெயர்ப்பலகையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஒரு துண்டு கிடந்தது.

அங்கே போனதும் யார் வீட்டில் தங்குவது என்று பவளம் கேட்டாள். இங்கே வந்தபோது எப்படி ஒரு வீடு இருந்ததோ அதுபோல அங்கேயும் இருக்கும் என்று தையல்நாயகி சொன்னாள். சொல்லும்போதே, அந்த வீட்டுக்குள் கதவைத் திறந்துகொண்டு தான் நுழையப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. உறங்கி முடித்த கொள்கைக்குள் மையத்தின் ஆட்கள் மறுபடி போக முடியாது.

“அப்பாவ ஒரு தடவகூட பாக்கலியேம்மா,” என்றாள் பவளம்.

“கண்ணாடியில பாரு. நெத்தி அவருதுதான்.”

அந்தப் பஸ்ஸின் படி உயரமாக இருந்தது. பவளம் பையை முதலில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாயசைத்து ஏதோ சொன்னாள். தையல்நாயகிக்குக் கேட்கவில்லை. கேட்டதுபோலத் தலையாட்டினாள்.

அறிக்கையை அவள் அன்றே எழுதினாள். நாணல்திட்டு ஜனங்களை இடம் மாற்ற வேண்டாம், திட்டுக்கு ஒரு பாலம் கட்டலாம் என்பது அதன் சாரம். குரலைப் பற்றியும் வைரக்கண்ணுவைப் பற்றியும் விரிவாக எழுதினாள். தனக்கு உள்ளே ஒரு மகள் இருந்தாள் என்பதையும் ஒரு பத்தியில் சொல்லியிருந்தாள். துணைச் செயலாளர் தொலைபேசியில் பெனடிக்டாவிடம் வருத்தம் தெரிவித்தார். அரசு கொள்கையைக் கைவிட்டது. அந்தக் கோப்பு பீரோவிலேயே வெளிறிப்போய், எடுத்தால் உதிரும் நிலைக்கு வந்தது. படிக்கட்டுக் கோப்பை நாடாவை அவிழ்த்துத் தலைநகருக்கு அனுப்பிவைத்தார்கள்.

அது அங்கே மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தது. உறங்க ஆள் இல்லாதபோது ஒரு கொள்கைக்குள் காலம் நகராது. தலைநகரில் யாராவது மதியத்தில் அந்தக் கோப்பின் மேல் தலை வைத்தால்தான் உள்ளே நாள் ஓடும். தையல்நாயகி தினமும் சாப்பாட்டு நேரத்தில் கண்ணை மூடி, அங்கே எல்லாரும் விழித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். மழை வந்து போனது. திட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது காத்தாயி அங்கிருந்து கூப்பிட்டது இக்கரைப் படகுக்காரர்களுக்குத் தெளிவாகக் கேட்டதாகவும், எல்லாரையும் ஏற்றிவந்துவிட்டதாகவும் சொன்னார்கள். அடுத்த மழையும் வந்தது. மாசிலாமணி திருவிழாவில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கிவந்து அலமாரியில் வைத்தான்.

பொங்கல் கழிந்த ஒரு காலையில் படிக்கட்டு ஆணை வெளியானது. இருவரும் குளித்துவிட்டு வடகரைப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய் நின்றார்கள். முதல் சில பஸ்களில் கல்லூரிப் பிள்ளைகளும் பூக்கூடைக்காரர்களும் இறங்கினார்கள். பிறகு வந்த ஒரு பஸ்ஸிலிருந்து, நரைத்த தலையோடு ஒரு பெண்மணி, தாழ்ந்த படியில் பக்கவாட்டாகக் கால் வைத்து நிதானமாக இறங்கினார். பையைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். தையல்நாயகியைவிட இருபது வயதாவது மூத்தவராகத் தெரிந்தார். மாசிலாமணியின் நெற்றியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“ரொம்ப நேரமா நிக்கிறியாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல, இப்பதான் வந்தோம்,” என்றாள் தையல்நாயகி. மகளின் கலைந்த முன்முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். முடி மெலிந்திருந்தது, ஆனால் அதே சுழி.

தலைநகரில் நன்றாகத்தான் உறங்கியிருக்கிறார்கள் என்று மாசிலாமணி சொன்னான். மகளின் பையைத் தூக்கிக்கொண்டான். மூட்டு வலிக்கிறதா, ஆட்டோ பிடிக்கட்டுமா என்று கேட்டான்.

கொஞ்சம் இருங்கப்பா என்றார் பவளம். இரண்டு மகன்களும் மருமகள்களும் பிள்ளைகளும் பின்னால் வருகிற பஸ்ஸில் வருகிறார்கள் என்றும், பெரியவனின் மாமியாரும் கூட வருவதாகவும், அவருக்குச் சர்க்கரை போடாத காபிதான் ஆகும் என்றும் சொன்னார்.

மாசிலாமணி பையை மறுபடி கீழே வைத்துவிட்டு, கடையில் பால் தீர்வதற்குள் வாங்கிவரப் போனான்.